எனக்கு விழுந்தது வெள்ளை

திரையில் முதல் பக்கம் வந்து போய்விட்டது, இரண்டாவதும் வந்து போய்விட்டது, செங்கல் வரவில்லை, மீன் செதில் வரவில்லை, ஜெஸிந்தா சொன்ன பாய்ப் பின்னலும் வரவில்லை, வெறும் வெள்ளைதான் வருகிறது. வெள்ளையில் கறுப்பாக நாலு வரி, ஒரு கட்டம், கீழே டாக்டர் கையெழுத்துப் போல ஒரு கிறுக்கல். ஐந்து எண்ணுவதற்குள் போய்விடுகிறது. மூன்றாவதில் வரும் என்று கண்ணை அகல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதும் வெள்ளை. பக்கத்து நாற்காலியில் நிரஞ்சனா நோட்டில் என்னவோ எழுதுகிறது. என்னைப் பற்றித்தான் எழுதும். இந்த அம்மா முழிக்கிறாள் என்று எழுதுமாக இருக்கும். காலேஜில் ஆராய்ச்சி செய்கிற பெண் அது. எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருக்கிற நோயாளி ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றினபிறகு எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது, எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால்தான் உண்டு. ஒவ்வொருத்தர் காகிதத்துக்கும் பின்னால் ஒவ்வொரு டிசைன் போட்டுவிட்டால், தூரத்தில் வரும்போதே சேலையைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, படிக்காமலே சொல்லிவிடலாம் என்று இந்தப் பெண்ணுக்கு ஓர் எண்ணம். அது நடக்குமா என்று பார்ப்பதற்கு ரெக்கார்டு ரூமில் வேலை செய்கிற எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கிறது. நான் ஆறாவது. முதலில் இருபத்து நாலு பேருடைய காகிதம் பேரோடு வரும், பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இருபத்து நாலும் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக ஒரே திரையில் வந்து நிற்கும், எழுத்துத் தெரியாது, நிரஞ்சனா ஒரு பேர் சொன்னால் அந்த ஆளுடையதைத் தொட வேண்டும். அவ்வளவுதான். ஜெஸிந்தா நேற்று இருபத்தொன்று சரியாகத் தொட்டுவிட்டு வந்து, "கண்ணை மூடிட்டே தொடலாங்க்கா, ஒண்ணு செங்கல், ஒண்ணு செதிலு, ஒண்ணு எங்க ஊட்டுப் பாய் மாதிரியே இருக்குது" என்றாள். எனக்கு நாலாவதும் வெள்ளை, ஐந்தாவதும் வெள்ளை, ஆறாவதும். திரை கறுத்து நின்றது. ஆறு பக்கத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வாம்.

"ஏம்மா, எனக்கு டிசைனே வரலீங்களே, மிஷின்ல ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டேன். "இல்லீங்கக்கா, உங்களுக்கு வெள்ளைதான். மூணு பேருக்கு டிசைன், மூணு பேருக்கு வெள்ளை. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டேன்." எதற்கு வெள்ளை என்று கேட்டதற்கு, டிசைன் இல்லாமல் எத்தனை தப்பு வருகிறது என்று தெரிந்தால்தான் டிசைனால் எத்தனை குறைகிறது என்று தெரியும் என்றது. சிரித்துக்கொண்டே சொன்னது. அப்படியென்றால் நான் தப்பாகத் தொட வேண்டும். நான் தப்பாகத் தொட்டால்தான் அதனுடைய டிசைன் நல்ல டிசைன். மறுபடியும் வெள்ளை வர ஆரம்பித்துவிட்டது, ஏழாவது, நான் பேரைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை, நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு இழுக்கும்போது உள்ளே சின்னதாக விசில் போல ஒரு சத்தம், இந்தப் பெண்ணுக்குக் கேட்குமோ என்னவோ. போன வருஷம் இந்தப் பெண் முதல்முதலாக வந்து, எப்படிக்கா இத்தனை ஆயிரம் ஃபைலில் கேட்டதும் எடுக்கிறீங்க என்று கேட்டபோது கூட்டிப்போய்க் காட்டினது யார். இந்தா பாரு, இது டீ டம்ளர் வைத்த வட்டம், இது திருநீறு கொட்டின அட்டை, இந்த டயாலிசிஸ் பெரியவர் வாராவாரம் வருவார், அதனால் ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன், இதில் நகத்தால் மூன்று கீறல், இருட்டில் தடவினாலும் தெரியும். அந்த மஞ்சளுக்குத்தான் சூப்பிரண்டென்ட் தியாகராசன் சார் என்னை வராந்தாவில் நிற்க வைத்து, "இது ஆஸ்பத்திரியா உங்க ஊட்டுச் சமையல்கட்டா" என்று கேட்டார். நர்சுகள் சிரித்தார்கள். இப்போது அதே மஞ்சளைக் கம்ப்யூட்டரில் தடவினால் அது ஆராய்ச்சி. தடவிக்கொள்ளட்டும். ஆனால் காட்டிக்கொடுத்தவளுக்கு வெள்ளையைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷமாக ஃபைலைத் தலைகீழாகச் செருகுகிற மாலினிக்குச் செங்கல்லும் செதிலும் கொடுத்தால் அது என்ன சீட்டு.

சீட்டில் என்ன இருக்கிறது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன திங்கள்கிழமை தியாகராசன் சார் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். காகிதம் எல்லாம் ஏறினதும் ரெக்கார்டு ரூமை மூடப்போகிறார்கள். மேலே மாடியில் கம்ப்யூட்டர் ரூமுக்கு இரண்டே பேர். மீதி நாலு பேர் கீழே துணி அறைக்கு. "இந்தக் காலேஜ் பொண்ணு டெஸ்ட்ல யாரு முதல் ரெண்டோ அவங்க மேல. படிப்பைப் பாத்துப் போடுன்னுதான் எனக்கு உத்தரவு. நானாவது உங்க கையைப் பாக்கறேன். அதுக்கே நீங்க கும்பிடணும்" என்றார். கும்பிட்டோம், நிஜமாகவே. எனக்குப் படிப்பு ஏழாவது, ஜெஸிந்தாவுக்கு ஒன்பது ஃபெயில், மற்ற நாலு பேரும் பன்னிரண்டு பாஸ். படிப்பைப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் முதலிலேயே கீழே. துணி அறை என்றால் ஆபரேஷன் தியேட்டர் விரிப்பும் வார்டுப் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து விழுகிற இடம். ஜெஸிந்தாவுக்கு இடுப்பில் வட்டு விலகி, பெல்ட் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாள், ஒரு மூட்டை தூக்கினால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அங்கே துணி வெளுக்கிற மருந்து வாசம் ஆகாது. ஒரு தடவை போர்வை வாங்க அங்கே போய்விட்டு வந்து, படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் மூச்சுக்குத் திணறினேன். அன்றைக்கு ஜெஸிந்தாதான் முதுகைத் தடவிக்கொண்டே, "செத்துகித்து வைக்காதீங்க்கா, உங்க ஃபைலை நாந்தேன் தேடி எடுக்கோணும்" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாவது வெள்ளை, ஒன்பதாவது வெள்ளை. துவைத்து அடுக்கின போர்வை போலவே இருக்கிறது. கீழே கூட்டிப்போவதற்கு முன்னால் காட்டிப் பழக்குகிறார்கள் போல.

கவனி, கவனி. பேரையாவது கவனி. ஏழு பாப்பாத்தி, எட்டு மருதாசலம், ஒன்பது லூர்துசாமி. இந்தப் பேர்களில் ஆளே கிடையாதாம், நிஜ நோயாளிகளைக் காட்டக்கூடாது என்று சட்டமாம், நிரஞ்சனாவே உட்கார்ந்து பேர் வைத்ததாம். ஆள் இல்லாத பேரை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதினாலு வருஷமாக ஒரு பேர் வந்தால் ஒரு முகம் வரும், ஒரு இருமல் வரும், கூடவே வந்த மருமகளின் சலிப்பு வரும். பாப்பாத்தி என்று ஒரு பொம்பளைக்கு நீர்க்கட்டி என்று எழுதிவைத்துவிட்டு, பாப்பாத்தி எங்கேயும் இல்லை என்றால் அந்தக் கட்டியை யார் சுமக்கிறது. சரி, நானே உட்கார வைக்கிறேன் என்று உட்கார வைத்தேன். புறநோயாளி வராந்தாவில் எங்களுக்கு மூங்கில் நிறத்தில் இரும்பு பெஞ்சு இருக்கிறது, ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர், ஏழாவது ஆள் உட்கார்ந்தால் செக்யூரிட்டி எழுப்பிவிடுவார். திரையும் ஆறுக்கு ஒரு தடவை கறுக்கிறது. முதல் பெஞ்சில் ஆறு பேர், முதல் ஆள் சுவரோரம், சின்னான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் ரஹமத்நிஷா, பையை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு தேவசகாயம், அவர் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார். இரண்டாவது பெஞ்சு பாப்பாத்தி, மருதாசலம், லூர்துசாமி. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகப் பார்த்தார், உட்காருங்க, டோக்கன் போயிரும் என்று சொல்லி உட்கார வைத்தேன். நாலாவது பெஞ்சு கடைசியில் குஞ்சம்மாள், கால் தரையில் எட்டவில்லை. எட்டாத கால் எதற்கு எனக்கு நினைவில் வந்தது, தெரியவில்லை. இருபத்து நாலு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் உட்கார்ந்து என்ன செய்ய, அவர்களுடைய காகிதம் வெள்ளைதானே. சின்னானுடைய வெள்ளைக்கும் குஞ்சம்மாளுடைய வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் எதைக் காட்டுவது.

பத்து நிமிஷம் இடைவேளை. நிரஞ்சனா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தது, சர்க்கரை கூட. "டென்ஷன் வேண்டாங்கக்கா, இது பரீட்சை இல்லை." இது பரீட்சை இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனவர்கள். ஏழாம் வகுப்பில் பிரேமா டீச்சர் கணக்குப் பரீட்சை அன்றைக்கு என் பேரைக் கூப்பிட்டபோது நான் வகுப்பில் இல்லை, பள்ளிக்கூட வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அம்மா மில்லுக்குப் போய்விட்டாள், அவனை எங்கே விடுவது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் ஒரு கோடு இழுத்தார். கூப்பிட்டிருக்கலாம். குழந்தையோடு உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். நானும் டீச்சர் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, ஒரு கோடு, அதோடு முடிந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் போனதை நினைத்து நினைத்து, இந்த வயசில் தேவையில்லாத இடத்தில் எல்லாம் வாயைத் திறந்து வைக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். காலையில் கிளம்பும்போதுகூட, "என்ன, ஆஸ்பத்திரியில உனக்குப் படம் போட்டுக் காட்டறாங்களாமா, இடைவேளை உண்டா?" என்றார். உண்டு, இதோ டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். கோகிலவாணிக்கும் வெள்ளைதான் விழுந்ததாம், ஒன்பதுதான் சரி. அவள் பன்னிரண்டு பாஸ், அவளுக்கே ஒன்பது. ஜெஸிந்தாவுக்கு அடுத்தது மாலினிதான், பதினெட்டு. நான் மேலே போக வேண்டும் என்றால் குறைந்தது பத்தொன்பது வேண்டும். வெள்ளையில் பத்தொன்பது. டீ ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்தது, அதையும் சேர்த்துக் குடித்துவிட்டேன்.

திரையில் இருபத்து நாலும் சின்னச் சின்னதாக வந்து நின்றன. வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. எல்லாம் வெள்ளை, உள்ளே சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கோடு. "மருதாசலம்" என்றது நிரஞ்சனா. மருதாசலம் எங்கே இருப்பார், இரண்டாவது பெஞ்சில் இரண்டாவது ஆள், பாப்பாத்திக்குப் பக்கத்தில். என் விரல் தன்பாட்டுக்கு இரண்டாவது வரிசையில் இரண்டாவதைத் தொட்டுவிட்டது. தொட்டபிறகுதான் பயந்தேன். டிக் என்று ஒரு சத்தம், பச்சையாக ஒரு புள்ளி. சரி என்று அர்த்தம். குருட்டாம்போக்கில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். "குஞ்சம்மாள்." கால் எட்டாத குஞ்சம்மாள், கடைசிப் பெஞ்சு, கடைசி. பச்சை. "ரஹமத்நிஷா." முதல் பெஞ்சு, சுவரிலிருந்து இரண்டாவது. பச்சை. அப்படியானால் நான் எப்படி உட்கார வைத்தேனோ அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் எழுந்து போகவில்லை, யாரையும் யாரும் இடம் மாற்றவில்லை. காகிதத்தைப் பார்க்கவே வேண்டாம், வெள்ளையாக இருந்தால் என்ன, கறுப்பாக இருந்தால் என்ன, இடம் தெரிந்தால் போதும். ரெக்கார்டு ரூமிலும் அதுதானே, மஞ்சளும் கீறலும் அப்புறம், முதலில் கால் தானாகப் போய் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறதே, மூன்றாவது ரேக், முழங்கால் உயரம், கதவிலிருந்து நாலு எட்டு. லூர்துசாமி, பச்சை. தேவசகாயம், பச்சை. இது திருட்டோ என்று ஒரு பக்கம் உதைக்கிறது, காகிதத்தைப் பார்த்துத் தொடு என்றால் பெஞ்சைப் பார்த்துத் தொடுகிறாயே என்கிறது. இன்னொரு பக்கம், பெஞ்சைப் பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லையே என்கிறது. நிரஞ்சனா எழுதுவதை நிறுத்திவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. பதினாறு, பதினேழு. பேர் சொல்கிற அதனுடைய குரல்கூட மாறிவிட்டது, என்னிடம் ஏதோ கேட்பது போல, கெஞ்சுவது போல. மூச்சில் விசிலைக் காணோம். எப்போது நின்றது என்று தெரியவில்லை. பத்தொன்பது. நான் மேலே போய்விட்டேன். மேலே, ஏசி போட்ட ரூம், சுழல்கிற நாற்காலி. இருபது, இருபத்தொன்று, ஜெஸிந்தாவைத் தொட்டுவிட்டேன், இருபத்திரண்டு, இருபத்து மூன்று. "சின்னான்." சுவரோரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பச்சை.

"அக்கா," என்றது நிரஞ்சனா. "வெள்ளையில இருபத்து நாலா. டிசைன்லயே யாரும் எடுக்கலை. எப்படிக்கா?" அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டது. பதினாலு வருஷத்தில், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்கள் உண்டு, எப்படிச் செய்தாய் என்று இந்தப் பெண் ஒன்றுதான் கேட்டிருக்கிறது, போன வருஷம் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. மனசில் பதிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கடவுள் கொடுத்த ஞாபகசக்தி என்றாலும் நம்பியிருக்கும். நான் பெஞ்சைச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்த சின்னானைச் சொன்னேன், குஞ்சம்மாள் காலைச் சொன்னேன், கையை நீட்டி நீட்டி, ஆறு ஆறாக, நீ காட்டின வரிசையிலேயேதானே திரையிலும் வச்சிருக்கே கண்ணு என்று, சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதனுடைய முகம் வடிந்துகொண்டே போனதை நான் கடைசியில்தான் பார்த்தேன். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தது. தலையில் கையை வைத்துக்கொண்டது. "கலைச்சுப் போடவே மறந்துட்டேங்கக்கா. ஒவ்வொருத்தருக்கும் இடம் மாத்தி மாத்தி வரணும். ஆறு பேருக்கும் அதே வரிசையில போயிருக்கு." போனால் என்ன என்றேன். "யாரு டிசைனைப் பாத்துத் தொட்டாங்க, யாரு இடத்தைப் பாத்துத் தொட்டாங்கன்னே தெரியாது. எல்லாமே செல்லாது. ஜெஸிந்தா அக்காவோட இருபத்தொண்ணும்தான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க. இதை அப்படியே எழுதியிருந்தேன்னா என் மானம் போயிருக்கும். ரொம்பப் பெரிய உதவி" என்றது. கண்ணில் நிஜமாகவே நன்றி இருந்தது.

"அப்ப மறுக்கா வைப்பியா?" வைக்குமாம், ஆனால் எங்களை வைத்து இல்லை. நாங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டோம், விஷயம் தெரிந்தவர்கள் ஆகிவிட்டோம், அதனால் இனி இந்த டெஸ்டுக்கு உதவ மாட்டோமாம். அடுத்த மாசம் புது ஆட்களாக, நர்சிங் மாணவிகளைக் கேட்கப்போகிறதாம். "கண்ணு, தியாகராசன் சார் இந்த மார்க்கை வச்சுத்தான் யாரு மேல யாரு கீழன்னு போடறேன்னிருக்காரு" என்று ஒருவழியாகச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அது எழுந்து நின்றுவிட்டது. "அப்படிச் செய்யவே கூடாதுங்க. தினமும் மார்க்கு என்னன்னு கேட்டாரு, சும்மா ஆசைக்குக் கேக்கறாருன்னு நினைச்சேன். நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலயே இருக்குதே, இதுக்கும் உங்க வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு." இருக்கும். இரண்டு பக்கம், பொடி எழுத்து, கீழே நான் துளசிமணி என்று எழுதிக் கொடுத்த இடம் மட்டும்தான் எனக்குத் தெரியும். "இப்பவே போயி அவருகிட்டப் பேசிடறேன். இதை வச்சு யாரையும் எங்கயும் போடக்கூடாதுன்னு எழுதியே குடுத்துடறேன். நீங்க பயப்படாதீங்க." நியாயம். அது சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. இந்த மார்க்கு இல்லையென்றால் தியாகராசன் சார் எடுக்கப்போகிற இன்னொரு கணக்கு என்ன என்று நான் சொல்ல நினைத்தேன், ஏழாவது, ஒன்பது ஃபெயில், பன்னிரண்டு பாஸ், ஆனால் அதற்குள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வேகவேகமாகப் போய்விட்டது. திரையில் சின்னானும் குஞ்சம்மாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் தானாக இருண்டுவிட்டது.

வராந்தாவில் ஜெஸிந்தா சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுவாள், அதன் நாக்கு வெளியே தொங்கியது. அவளைத் தாண்டி அந்தக் கோடியில் சூப்பிரண்டென்ட் ரூம் கதவு, நிரஞ்சனா தட்டிவிட்டு உள்ளே போனது எனக்குத் தெரிந்தது, அவளுக்கு முதுகுப்பக்கம். "என்னங்க்கா, மூஞ்சி இப்படி இருக்குது, வெள்ளையா விழுந்துச்சு? கோகிலவாணி சொன்னா, வெள்ளை வந்தா அவ்வளவுதேன்னு. எத்தனை?" நான் இருபத்து நாலு என்றேன். அவள் நம்பவில்லை, என் கையைப் பிடித்து ஆட்டி, சத்தியமா என்றாள், சத்தியமா என்றேன், அது சத்தியம்தானே. "அடப்பாவி அக்கா. வெள்ளையில இருபத்து நாலு எடுத்துப்போட்டு எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி நிக்கறீங்களே. அப்ப நீங்களும் நானும்தேன் மேல. மாலினிக்கு மூட்டை தூக்கற யோகம்." சிரித்தால் இடுப்பு வலிக்கும் அவளுக்கு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அந்தக் கோடியில் கதவு மூடியே இருந்தது. இப்போது சொல்லலாம். இன்றைக்கு ஒரு தடவை வாயைத் திறந்தாயிற்று, இன்னொரு தடவை திறந்தால் என்ன ஆகிவிடும், இன்னும் கால் மணி நேரத்தில் யாராவது வந்து சொல்லத்தான் போகிறார்கள், அதை நானே சொன்னால் குறைந்தபட்சம், குறைந்தபட்சம் என்ன, எனக்குத் தெரியவில்லை. "நான் போயி மேல ரூமைப் பாத்துட்டு வந்துட்டேங்க்கா," என்றாள் ஜெஸிந்தா, "ரெண்டே நாற்காலி. சாயற மாதிரி ஒண்ணு இருக்குது, ஜன்னல்கிட்ட. அது எனக்கு. முதுகுக்கு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

"சரி, நீயே வச்சுக்க" என்றேன்.